வெள்ளிக்கிழமையே வளைத்தது

கோல்ஃப் கிளப்பிலிருந்து வந்த மலர்வளையத்தைப் பெட்டிமேல் வைக்கச் செலின் விடவில்லை. கொண்டுவந்த ஆளின் கையிலிருந்து வாங்கி, வாசலில் நின்ற யாருடைய சைக்கிளிலோ மாட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னாடி இது, பூவ அங்க மாட்டிட்டு வர?" என்றாள் அம்மா சகாயமேரி. அழுது அழுது அவளுக்குக் குரலே போயிருந்தது.

"அது அங்கியே கெடக்கட்டும்."

பெட்டிக்குள் நைனா ஜெயபால் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் ஜெபமாலையோடு கிடந்தார். குள்ளமான மனிதர். பெட்டி செய்தவன் வழக்கமான அளவில் செய்துவிட்டான். கால்மாட்டில் மிஞ்சிய இடத்தில் ஒரு போர்வையை மடித்துத் திணித்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோதும் அவருக்கு எந்தப் பொருளும் அளவாக வந்ததில்லை.

அவரிடம் இருந்த ஒரே கோல்ஃப் தடியும் அப்படித்தான் வந்தது. ஆவடியில் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த கிளப் மைதானத்தில் அவர் புல் வெட்டும் மெஷின் ஓட்டினார். மாற்றலாகிப் போன நெட்டை அதிகாரி ஒருவர் தன் பழைய வெட்ஜை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். வெட்ஜ் என்பது குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் பந்தைத் தூக்கிப் போடுகிற தடி. வருஷத்துக்கு ஒருநாள் வேலைக்காரர்களுக்கென்று ஒரு போட்டி வைப்பார்கள். எல்லா வருஷமும் நைனாவின் பந்து இடது பக்கமாகப் போய்ப் புதரில் விழும். 'உனக்குக் கை சரியில்லை' என்று சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவார்.

இந்த வருஷம் சிரிக்கவில்லை. தடியின் தலைக்கு அடியில் கறுப்பு டேப்பை ஒட்டி, கொல்லையில் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் அடித்துப் பார்த்தார். செலினைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"டேப்பு எங்க கிழிஞ்சிக்கீது பாரு. குதிகால் பக்கம் மட்டுந்தான். மூக்கு தரையத் தொடவே இல்ல. நெட்டையனுக்குச் செஞ்சது எனக்குத் தூக்கிக்கினு நிக்குது. பந்து எங்கருந்து நேரா போவும்?"

"அப்ப உன் கைமேல தப்பில்லையா நைனா?"

"இல்ல போலக் கீதே" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தடியின் தலையும் கம்பும் சேருகிற கழுத்தை இரண்டு டிகிரி படுக்க வைத்தால் போதும். செலினின் புருஷன் தேவராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் முதலாளி வீராசாமி கிளம்பிப் போனபிறகு, தடியை வைஸில் கவ்வக் கொடுத்து, கழுத்தில் குழாயை மாட்டிப் பதமாக வளைத்தான். மறுபடி டேப் ஒட்டி அடித்தபோது கிழிசல் நட்டநடுவில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. கடைசிக் குழியில் நைனா அடித்த பந்து நேராகப் போய்க் கொடிக்கம்பத்தின் காலடியில் உட்கார்ந்தது. கோப்பை அவருக்குத்தான்.

ஒரு மணி நேரம்கூட அது அவர் கையில் தங்கவில்லை. கிளப் செயலாளர் பக்தவத்சலம் தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் புதுக் கீறல். ஆட்டத்தின் நடுவே ஜெயபால் தடியைக் கல்லில் தட்டினதைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான். மண்ணை உதிர்க்கத் தட்டினதை வளைக்கத் தட்டினதாக ஆக்கிவிட்டார்கள். போட்டிக்கு முன்னால் தடியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். நடுவில் கை வைத்தால் ஏமாற்று. முன்னாடியே வளைத்தது என்றால் எங்கே, யார் வளைத்தது, சொல் என்று கேட்டார்கள். நைனா வாயைத் திறக்கவில்லை.

வீராசாமி பட்டறையில் சொந்த வேலைக்கு இடமில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டதற்கே போன வருஷம் ஒருத்தனை விரட்டிவிட்டார்.

"நான் போய்ச் சொல்றேன்" என்று கிளம்பிய செலினை நைனாதான் தடுத்தார். "மாப்ள பொழப்பு போய்டும். நான் ரிட்டயர் ஆவப்போற ஆளு, எனக்கு இன்னா. நீ சொல்லக்கூடாது, ஆமா." தேவராஜ் அதைக் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். அந்தச் சோறு அவனுக்கு எப்படித் தொண்டையில் இறங்கியதோ.

கோப்பையைப் பிடுங்கினார்கள். மெஷினையும் பிடுங்கி அவரைப் பம்ப் ரூமுக்கு அனுப்பினார்கள். பை தூக்குகிற பையன்கள்கூட அவரைப் பார்த்தால் தடியை வளைப்பதுபோல் சைகை காட்டினார்கள். நேற்று மத்தியானம் பம்ப் ரூமிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பெட்டியைத் தூக்கும் முன் செலின் தேவராஜைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கிளப்புக்காரர் வந்துகீறாரு. ஊர் மொத்தமும் கீது. இப்ப சொல்லு."

"மொதலாளியும் வந்துகீறாரு செலின்."

"அதான் சொல்றேன். எல்லாரும் ஒரே எடத்துல கீறாங்க."

"அடக்கம் முடியட்டும். அப்பறமா நானே நேர்ல போய்..."

"மூடி ஆணி அடிச்சப்பறம் யாருக்குச் சொல்லப்போற?"

அவன் தரையைப் பார்த்தான். வாயில் கொழுக்கட்டை வைத்திருக்கிறவனிடம் என்ன பேசுவது? செலின் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டாள்.

கல்லறையில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஜெபம் முடித்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். வேலை செய்த இடத்திலிருந்து யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்று கோயில் உபதேசியார் சொல்ல, பக்தவத்சலம் முன்னால் வந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஜெயபால் நல்ல உழைப்பாளி. கடைசியில ஒரு சின்ன சறுக்கல். மனுஷன்னா தப்பு செய்யறதுதான். கிளப் சார்பா நாங்க அதை மன்னிச்சுட்டோம்னு இந்த நேரத்துல சொல்லிக்கிறேன்."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் 'ஆமாம்' என்பதுபோல் தலையை ஆட்டினார்கள். செலினுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அதையும் செத்தவர் திருப்பிப் பேச முடியாத நேரம் பார்த்து.

சகாயமேரி முதல் மண்ணைப் போட்டாள். அடுத்து ஒரே மகள் போட வேண்டும். செலின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"போடும்மா" என்றார் உபதேசியார்.

"அவர் இன்னா தப்பு பண்ணாருன்னு மன்னிச்சாங்க? அத்த யாராச்சும் சொல்லட்டும், போடறேன்."

"இதெல்லாம் பேசற நேரமாம்மா இது?" என்றார் பக்தவத்சலம்.

"நீங்கதான சார் ஆரம்பிச்சீங்க?"

குழி வெட்டினவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஃபாதர் புத்தகத்தை மூடினார். செலின் யாரையும் பார்க்கவில்லை, தேவராஜை மட்டும் பார்த்தாள். அவன் ஒருமுறை வீராசாமியைப் பார்த்தான். பிறகு குழியைப் பார்த்தான். ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றாள் செலின். "சத்தமா சொல்லு."

"நான்தான் வளைச்சேன்." அவன் குழியைப் பார்த்தபடியே சொன்னான். "மாமா இல்ல. போட்டிக்கு முன்னாடி, வெள்ளிக்கிழம சாயங்காலம். எங்க பட்டறையில, மொதலாளி வைஸ்ல, அவருக்குத் தெரியாம. எனக்காவத்தான் மாமா வாயத் தொறக்கல."

வீராசாமி வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவது நின்றது.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார் பக்தவத்சலம்.

"இன்னிக்குச் சொல்லியாச்சு சார்" என்றாள் செலின். "நீங்க மன்னிச்சத வாபஸ் வாங்கிக்கங்க."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். சகாயமேரி தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்களும் அவரைத்தான் பார்த்தார்கள். "வாங்கிக்கிறேன்மா" என்றார்.

செலின் குனிந்து மண்ணை அள்ளிப் போட்டாள். பிறகு குழியின் ஓரமாகக் கொஞ்சம் நகர்ந்து தேவராஜுக்கு இடம் விட்டாள்.