கீழ் வரிசையிலிருந்து தொடங்கியவள்

1

இந்தக் கதை எனக்கு மருந்துக்கடையில் கிடைத்தது. வீட்டில் மீந்த மருந்துகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அவற்றைச் சாப்பிட இனி ஆளில்லை. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண். கையில் கருத்தடை மாத்திரை அட்டை. ஏழேழாக நான்கு வரிசை. மேல் வரிசையின் மூலையில் ஒரே ஒரு வெள்ளை மாத்திரை மிச்சம்.

"இருபத்தேழு நாள். ஒரு நாள்கூட விடலை. கடைசி வாரம் பீரியட்ஸ் வரும்னு சொன்னீங்க, வரலையே?"

கடைக்கார அம்மாள் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "எங்கேயிருந்தும்மா ஆரம்பிச்சீங்க?"

"கீழேயிருந்து."

"ஏன் கீழேயிருந்து?"

"எல்லாமே கீழேயிருந்துதானே ஆரம்பிக்கும்?"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"கீழ் வரிசையில இருந்த பழுப்பு மாத்திரை ஏழும் வெறும் இரும்புச்சத்து. தினம் போடுற பழக்கம் விட்டுப்போகாம இருக்கத்தான் அது. மருந்து வெள்ளையிலதான் இருக்கு. அதை ஆரம்பிச்சு ஏழு நாள் ஆனாத்தான் நம்பலாம். உங்களுக்கு முதல் ரெண்டு வாரம் பாதுகாப்பு இல்லை."

"அப்போ..."

"வெள்ளை இன்னும் ஓடிக்கிட்டிருக்கிறதாலேயே பீரியட்ஸ் வராம இருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

இதுவரை நடந்தது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் முயற்சி: *அவள் கண்ணீரைத் துடைத்தபடி கடையைவிட்டு*

வேண்டாம். அவள் அழவில்லை. கர்ப்பப் பரிசோதனைக் குச்சி வாங்கினாள், மீதிச் சில்லறையைச் சரிபார்த்தாள், போனாள்.

இரண்டாம் முயற்சி: *நவீன வாழ்க்கையின் நெருக்கடியில் பெண்ணுடல் என்பது*

இதற்கு நானே கொட்டாவி விட்டேன்.

என்னை உறுத்தியது அவள் சொன்ன பதில்தான். எல்லாமே கீழேயிருந்துதான் ஆரம்பிக்கும் என்று யார் நம்புவார்கள்? முதலில் அவளைக் கொத்தனார் ஆக்கினேன். ஆனால் நகங்கள் சுத்தமாக இருந்தன. பிறகு ஸ்வெட்டர் பின்னுகிறவள் ஆக்கினேன். கதை தானாக நடக்க ஆரம்பித்தது. பின்னல் வரைபடம் கட்டம் கட்டமாக இருக்கும். அதைக் கீழ் வரிசையிலிருந்து மேலே படிப்பார்கள். ஸ்வெட்டர் இடுப்பில் தொடங்கிக் கழுத்தில் முடிகிறது. எட்டு வருடம் அப்படிப் படித்த கண், மாத்திரை அட்டையையும் அப்படித்தான் படிக்கும். மேல் மூலையில் 'தொடக்கம்' என்று அச்சிட்டிருந்தார்கள். எறும்பு அளவு எழுத்து.

(நன்றாகப் பின்னத் தெரிந்ததால் வந்த தவறு. இப்படி ஒரு தவறு செய்யும் அளவுக்கு எனக்கு எந்தத் தொழிலும் சரியாகத் தெரியாது.)

3

அவளைப் பின்னல்காரி என்போம். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அடுத்த மாதம் அவள் வெளியூர் போகிறாள். ஓராண்டு வடிவமைப்புப் பயிற்சி. இரண்டாம் முறை விண்ணப்பித்துக் கிடைத்த இடம். நடுவில் விட்டால் விட்டதுதான், திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அதற்காகத்தான் மாத்திரை.

சாயங்காலம் அவன் கிரீஸ் கையோடு வந்தான். அவள் அட்டையை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"மாத்திரையே ஏமாத்துதா?"

"மாத்திரை ஒழுங்காத்தான் இருக்கு. நான்தான் தலைகீழா ஏறியிருக்கேன்."

"இதைப் போட்டும் நூத்துக்கு எத்தனை பேருக்குக் கரு தங்கும்?"

அவள் மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை விரித்துப் படித்தாள். ஒரு வருடம் துளி பிசகாமல் சாப்பிட்டால், நூறு பேரில் ஒருவருக்குக்கூட முழுசாகத் தங்காது. மனிதர்கள் சாப்பிடுகிற மாதிரி, மறந்து, தாமதித்து, தீர்ந்தபின் வாங்கிச் சாப்பிட்டால் ஏழு பேருக்கு.*

"லிஃப்ட் மாதிரியேதான்," என்றான் அவன். "அது பாட்டுக்கு ஓடும். கதவுல கால் வெச்சுத் தடுக்கிறானே, அவனாலதான் பாதி கம்ப்ளைண்ட்."

"நான் காலை வெக்கலைப்பா. தப்பான மாடியில ஏறிட்டேன்."

"அதுக்கு தாள்ல பெர்சென்ட் போட்டிருக்கானா?"

"ஸ்வெட்டர் பின்றவளை மனசுல வெச்சு யாரு கணக்கு எடுப்பா?"

* போட்டவுடன் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும், சில மருந்துகள் இதன் வேலையைக் கெடுக்கும் என்றும் தாளில் இருந்தது. கதையில் யாரும் வாந்தி எடுக்கவில்லை. ஆனாலும் இருக்கட்டும். யாருக்காவது உதவும்.

4

இங்கே ஒரு சண்டை வைக்கலாம் என்று பார்த்தேன். *"எல்லாம் உன் கவனக்குறைவு!" என்று அவன்*

அவன் சொல்ல மறுத்துவிட்டான். இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் கை கழுவப் போய்விட்டான். கழுவிவிட்டு வந்து இதைத்தான் சொன்னான்:

"இருந்தா, நீ போவியா மாட்டியா?"

"போகணும்னுதான் இருக்கு. குழந்தை வேண்டாம்னும் தோணலை. ரெண்டையும் ஒரே வயித்துல எப்படி வெச்சுக்கிறது?"

"நீ போ. எதுவா இருந்தாலும் போ. நான் பின்னாடியே வந்துடறேன். லிஃப்ட் இல்லாத ஊரா அது?"

"மூணு மாடிதான் அங்க பெரிய கட்டடமாம்."

"அப்ப வேலையும் கம்மி. குழந்தையை நான் பார்த்துக்கறேன்."

"உனக்கு என்ன தெரியும்? டயபரை எங்கேயிருந்து மாட்டுவே?"

"எல்லாமே கீழேயிருந்துதானே ஆரம்பிக்கும்?"

அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சிரித்துக்கொண்டேதான்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு எனக்குப் பசித்தது. ரொட்டி வாட்டிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

5

முடிவுகள் கைவசம் இரண்டு இருக்கின்றன.

முதலாவது: ஒரு கோடு. அவள் நிம்மதியாகப் பெட்டி கட்டுகிறாள். ஒரு சட்டையை மடிக்கும்போது மட்டும், காரணம் தெரியாமல் கொஞ்ச நேரம் நிற்கிறாள்.

இரண்டாவது: இரண்டு கோடு. அவள் போகிறாள். அவனும் போகிறான். வகுப்பில் அவளுடைய நாற்காலியை மட்டும் மேசையிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் பின்னால் நகர்த்துகிறார்கள்.

மூன்றாவதாக *இருபது வருடம் கழித்து* என்று ஒன்று தொடங்கி, வெட்கப்பட்டு அடித்துவிட்டேன்.

எதை எழுதினாலும் கதை நிற்கும். அவள் போவாள் என்பது மேசையிலேயே முடிவாகிவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தனை பேர் போகிறார்கள் என்பதுதான் பாக்கி. அதற்கு யாராவது போய்ப் பார்க்க வேண்டும். என்னால் முடியாது. முடிவு தெரிந்துகொள்ள ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஒரு கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். அந்த ஒருமுறை போதும்.

அவள் குச்சியில் சோதித்து வைத்துவிட்டு வந்தாள். இருவரும் சமையலறையில் நிற்கிறார்கள். பிறந்தால் யார் சாயல் என்று தொடங்கி, பேச்சு இப்போது யார் குறட்டை என்பதில் வந்து நிற்கிறது. காத்திருக்க வேண்டிய மூன்று நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. இருவருமே கவனிக்கவில்லை. குச்சி குளியலறை அலமாரியில், சோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது.

நீங்கள் போய்ப் பாருங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லுங்கள். ஆனால் சிரித்து முடிக்கட்டும்.