இரண்டு பேருக்கான பற்றரி

ஊர் சுற்றவென்று எங்கள் வான் வண்டிக்குள் கட்டில், மின்விசிறி, சின்னப் பிரிட்ஜ் எல்லாம் பூட்டிய பிறகும் என் கணவர் ஜெனிசுக்கு நிம்மதியில்லை. எந்தப் பற்றரி வைப்பது? ஈயப் பற்றரி பாரம். சார்ஜைப் பாதிக்குமேல் இறங்கவும் விடக்கூடாது. லிதியம் நல்லது, ஆனால் எவ்வளவு பெரிசு? சோற்றைப் பிசைந்தபடியே கல்குலேற்றரைத் தட்டுவார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

"ரெண்டு பேருக்கு ரெண்டு இரவு தாராளமாக் காணும். ஒருத்தரிட்டையும் கறண்ட் கேக்கத் தேவையில்லை" என்று கடைசியில் ஒரு லிதியம் பற்றரியைப் பூட்டினார்.

மணற்காட்டுக் கடற்கரையில் வானை நிறுத்திச் சற்று நேரந்தான். அவ்வூரில் இருக்கும் அவருடைய கத்தரீனா மாமி வந்துவிட்டார்.

"வீடு இருக்க வெளியிலையோ படுக்கிறியள்? சனம் என்ன சொல்லும்?"

வான் மாமியின் முற்றத்துக்குப் போனது. பொழுதுபட ஊரில் கறண்ட் நின்றது. மாமி வீட்டுக்குள்ளிருந்து ஒரு நீள வயரை இழுத்துவந்து வானில் செருகினார். வீட்டு விசிறிகள் சுழன்றன, தொலைக்காட்சி பாடியது, அயலவர்களின் போன்கள் சார்ஜ் போட வரிசையாக வந்தன.

ஜெனிஸ் பற்றரி மீற்றரைப் பார்ப்பதும் முற்றத்தில் நடப்பதுமாக இருந்தார்.

"இன்னொரு பற்றரி போட்டிருக்கலாம், றொசாந்தி."

"பத்துப் போட்டாலும் காணாது. நீங்கள் பிரிட்ஜைக் கணக்குப் பாத்தியள், விசிறியைப் பாத்தியள். உங்கடை சொந்தக்காரரைப் பாக்கேல்லை."