பட்டியலில் இல்லாத பேச்சு

ஏழரைக்கு எழுந்து வெந்நீர் வைத்தான். மனைவியின் கட்டிலருகே பேசின், இரண்டு துண்டு, சோப்பு, மாற்று நைட்டி எல்லாம் எடுத்து வைத்தான். எட்டு மணிக்கு அழைப்பு மணி. கதவைத் திறந்தான்.

மனைவியைக் கவனித்துக்கொள்ளும் அக்கா வந்திருந்தாள். நகராட்சியில், நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் பிரிவில் பதினாறு வருட வேலை. புது நிர்வாக முறை வந்ததிலிருந்து கையில் ஒரு போன், அதில் வேலைப் பட்டியல். உடம்பு துடைக்கப் பன்னிரண்டு நிமிடம், உடை மாற்ற ஐந்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட எட்டு. எட்டு இருபத்தைந்துக்குப் பட்டியல் தீர்ந்துவிடும். அக்கா 'முடிந்தது' என்பதை அழுத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, சாவகாசமாகப் பத்து நிமிடம் உட்கார்ந்துகொள்வாள்.

"பேச்சுக்கு ஒரு பட்டன் வைக்க மறந்துட்டானுங்க, மகராசனுங்க!"

உள்ளே சிரிப்பு. அவன் டீயோடு நுழைந்ததும் அது நின்றது.

"என்ன சிரிப்பு?"

"எல்லாம் உங்க கதைதான் தம்பி. காலேஜ்ல இவங்க பின்னாடியே சுத்துனீங்களாமே?"

அவனுக்கு வயிறு எரிந்தது. படுக்கையில் விழுந்த பிறகு மனைவி அவனிடம் பேசுவதெல்லாம் தண்ணி, ஃபேன், தலகாணி. மிச்சப் பேச்சு மொத்தமும் அந்தப் பத்து நிமிடத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தாள். ஒருநாள் தலை வாரிவிடச் சீப்பை எடுத்தான்.

"விடுங்க, உங்களுக்கு வகிடு எடுக்க வராது. அக்கா வரட்டும்."

அன்று மாலை நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். சேவை பற்றி ஐந்து கேள்விகள். நான்காவது, ஊழியர் குறித்த நேரத்தில் கிளம்புகிறாரா?

"இல்ல. பத்து நிமிஷம் உக்காந்து பேசிட்டுத்தான் போறாங்க."

"அதனால உங்களுக்கு எதாவது இடைஞ்சல் உண்டா சார்?"

"உண்டு."

திங்களன்று வேறொருத்தி வந்தாள். அக்காவை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்களாம். அதை அவன் மனைவியிடம் சொல்லவில்லை. செவ்வாயன்று இன்னொருத்தி. யாரும் உட்காரவில்லை. எட்டு இருபத்தைந்துக்கு, அக்கா உட்காரும் நாற்காலியில் அவன் போய் உட்கார்ந்தான். இனி இந்தப் பத்து நிமிடம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தான். மனைவியோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், "தண்ணி வேணுமா?" என்றான்.

வியாழன் மதியம் அவளுக்கு நினைவு தப்பியது. பிறகு திரும்பவேயில்லை. அன்று காலையில்தான் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்:

"ஏங்க, அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ. ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."