ஏழு கிலோ கைப்பை

ஒரு பையைக் கட்டுவதற்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் வேண்டியிருந்தது.

விடிந்ததிலிருந்து கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நடுநாயகமாகக் கேமராவின் அலுமினியக் கூடு உட்கார்ந்திருந்தது. தண்ணீருக்கடியில் படம் எடுப்பவர்கள் கேமராவை அதற்குள் வைத்துப் பூட்டித்தான் கடலில் இறங்குவார்கள். அதைச் சுற்றி இரண்டு ஃபிளாஷ் விளக்குகள், விளக்குகளைத் தாங்கும் மடக்குக் கம்பிகள், பேட்டரிகள், சார்ஜர், ஒரு பெரிய கண்ணாடி, ஒரு சின்னக் கண்ணாடி. அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூட்டின் கதவைத் திறந்து, விளிம்பிலிருந்த கறுப்பு ரப்பர் வளையத்தை விரல் நுனியால் பக்குவமாக வெளியே எடுத்தாள். கடலுக்குள் தண்ணீரை உள்ளே விடாமல் காப்பது அந்த வளையம்தான். ஆனால் விமானத்தில் கொண்டுபோகும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே விட்டால், மேலே ஏறி இறங்குவதற்குள் காற்றழுத்தம் மாறிக் கூடு கவ்விக்கொள்ளும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் கதவு திறக்காது.

"வளையத்தைக் கழட்டிட்டியா?" என்று சோபாவிலிருந்து கேட்டார் கணவர்.

வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? இத்தனை வருஷமாக அதைக் கழற்றியது அவள்தான், துடைத்து டப்பாவில் போட்டதும் அவள்தான். அவர் ஊர் ஊராகப் போனார், கடலில் குதித்தார், படம் எடுத்தார், பெயர் வாங்கினார். கட்டுவதும் பிரிப்பதும் அவள் பாடு. கூடப் போகிற பயணங்களில் தண்ணீருக்கடியில் அவருக்கு விளக்குப் பிடிப்பதும் அவள்தான். அவர் மேலே வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகு, கேமராவை வாங்கிக்கொண்டு படகுக்காரரோடு இன்னொரு முறை இறங்குவாள். பாறை இடுக்கில் தலையைக் கொடுத்து, நகத்தளவு மீன்குஞ்சு, அரிசியளவு நத்தை என்று எதையாவது எடுத்துக்கொண்டு வருவாள். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் பூச்சிப் படம். அவளுக்கும் அதையே வைத்துவிட்டார், பூச்சி என்று. செல்லமாகத்தான் கூப்பிட்டார், இல்லையென்று சொல்லவில்லை.

இந்த முறை கதை வேறு. சளியோடு கடலில் இறங்கி மனிதர் காதுச் சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தார். இந்த வருஷம் முழுக்க நீச்சல் குளத்துப் பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு முன்பே ஒரு கடல் ஆய்வு நிலையம் அவரைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தது. தன் மனைவி வருவாள், எல்லாம் தெரிந்தவள் என்று அவரே போனில் பேசி ஏற்பாடு செய்தார். அந்த மட்டில் நல்ல மனுஷன்தான். வம்பு எங்கே என்றால், அவர் மனசில் போகிறவர் அவர், கைகால் மட்டும் இவளுடையது. அவளுக்கோ வாழ்க்கையில் இது முதல் தடவை. அவள் பெயரில், அவள் கண்ணுக்குப் பட்ட படம். இதில் கோட்டை விட்டால் காலம் பூரா விளக்குப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சண்டை அந்தப் பெரிய கண்ணாடியில் வந்து நின்றது. கூட்டின் முகப்பில் திருகி மாட்டுகிற கனத்த கண்ணாடி அது. மாட்டினால் மூழ்கிய கப்பல் முழுசும் ஒரே படத்தில் அடங்கும். அவருடைய பேர்போன படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை. கூடத்துச் சுவரில் மூச்சு முட்ட மாட்டி வைத்திருக்கிறாரே, அவைதான். சின்னக் கண்ணாடி பொடிசுகளைப் பெரிதாக்கிக் காட்டுவது. இரண்டையும் கொண்டுபோக வழியில்லை. கைப்பையில் ஏழு கிலோவுக்கு மேல் விமானக்காரர்கள் விடமாட்டார்கள். கேமராவும் விளக்கும் கண்ணாடியும் அதில்தான் வர வேண்டும். உதிரிப் பேட்டரியைப் பெரிய பெட்டியில் போட அனுமதியில்லை. கண்ணாடியைப் போடலாம், ஆனால் போய்ச் சேரும்போது அது கண்ணாடியாக இருக்காது. பெரிய கண்ணாடி ஏறினால் இரண்டாவது விளக்கு இறங்க வேண்டும். பாறை இடுக்கில் ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு பொடிசுகளை எடுத்தால் பாதி முகம் இருட்டில் போய்விடும்.

அவள் இரண்டாவது விளக்கை உள்ளே வைப்பாள். தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்பினால் விளக்கு வெளியே இருக்கும், கண்ணாடி உள்ளே இருக்கும். அவர் சோபாவில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் மறுபடியும் மாற்றுவாள். இப்படியே வெயில் ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் வந்து சேர்ந்தாள். அவருடைய தங்கை, தையல் கடை வைத்திருப்பவள். பேட்டரிகளுக்கென்று பஞ்சு வைத்துத் தைத்த குட்டிக் குட்டி உறைகளைக் கொண்டுவந்திருந்தாள். வந்ததும் வராததுமாக அண்ணியின் முகத்தையும் அண்ணனின் பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தாள். பேப்பரை எப்போதிலிருந்து தலைகீழாகப் படிக்கக் கற்றுக்கொண்டாய் அண்ணா என்று கேட்டுவிட்டு, கீழே உட்கார்ந்து பேட்டரி முனைகளில் டேப் ஒட்ட ஆரம்பித்தாள்.

கணவர் பேப்பரை மடித்து வைத்தார். இனி ஒளிவு மறைவு இல்லை என்று தீர்மானித்துவிட்டார் போலிருக்கிறது.

"இங்க பாரு பூச்சி. நீ யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. என் படத்தைப் பாத்துத்தான் கூப்பிட்டாங்க. நீ போய்ப் பூச்சி பூச்சியா எடுத்துட்டு வந்தா என் மானம்தான் போகும்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கோபம் வந்ததைவிட, அதில் பாதி உண்மை என்பதுதான் வலித்தது. அவர்கள் கூப்பிட்டது அவரைத்தான். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது. சரி, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவோம் என்று போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆய்வு நிலையத்தில் பேசியது படப்பொறுப்பில் இருக்கும் ஆய்வாளர் அம்மா. தான் யார் என்று அவள் சொல்லி, உங்களுக்கு எந்த மாதிரிப் படம் வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா, ஒருத்தராவது கேட்டீங்களே. எங்களுக்கு வேணும்கிறது மீன்குஞ்சும்மா. நகத்தளவுகூட இருக்காது. எது எந்த மீனோட குஞ்சுன்னு பாத்ததும் தெரியற மாதிரி வேணும். சார்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், பாத்துக்கலாம்னுட்டார்."

அவள் போனை வைத்தாள். சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? இவ்வளவு நாள் பூச்சி பூச்சி என்று கேலி பேசினாரே, அதைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டதை மனிதர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காது கிழிவதற்கு முன்னால் நடந்த பேச்சு அது, அந்தச் சாக்கும் கிடையாது.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவர் அசரவில்லை. அந்த அம்மாவுக்கு மீனைப் பற்றித் தெரியும், படத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார். பெரிய படம் ஒன்றைப் பார்த்தால் வாயைப் பிளப்பார்கள், ஒரு அவசரத்துக்காவது கண்ணாடி கையில் இருக்கட்டும் என்றார்.

அவசரத்துக்கு என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. கண்ணாடி கூட இருந்தால் தன் கை அதைத்தான் தேடும் என்று அவளுக்குத் தெரியும். அவர் கண் காட்டிய பக்கம் விளக்கைத் திருப்பியே பழகிய கை அது. கடலுக்குள் ஒரு கணம் சந்தேகம் வந்தால் போதும், சின்னதை விட்டுவிட்டுப் பெரியதைத் திருகி மாட்டிவிடும். பிறகு அவர் எடுத்த மாதிரியே சுமாராக நாலு படம் எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். அவள் பெரிய கண்ணாடியை எடுத்து, அதன் உறையில் போட்டு, அவருடைய அலமாரியில் வைத்துச் சாத்தினாள்.

"அது வராது. போறது நான்," என்றாள்.

அப்புறம் பம்பரமாகச் சுழன்றாள். மடக்குக் கம்பிகளையும் திருகுக் கருவிகளையும் நீச்சல் உடுப்பில் சுருட்டிப் பெரிய பெட்டியில் அடுக்கினாள். வளையத்தை டப்பாவில் போட்டு, கூட்டின் கதவைச் சும்மா சாத்தி வைத்தாள். விளக்குகளிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். கழற்றாமல் விட்டால் வழியில் தானாக எரிந்து சூடேறித் தொலைக்கும். ஒரு விளக்கைத் துண்டில் சுற்றினாள், மற்றதைத் தன் ஸ்வெட்டரில். கைப்பையைத் தூக்கும் தராசில் மாட்டி நாத்தனாரைப் பார்க்கச் சொன்னாள். முள் ஏழைத் தொடாமல் நின்றது. மனசு நிறைந்துபோய்க் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். தானே தூக்கி வருகிறாராம். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. காது வலியோடு வழியனுப்ப வருகிறாரே என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. எவ்வளவு பேசினாலும் கட்டியவர் இல்லையா? வழி நெடுக அவர் பையை மடியில் வைத்துக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு வந்தார்.

விமான நிலையத்தில் பெரிய பெட்டி சிக்கலில்லாமல் போனது. கைப்பையை அவர் தராசில் வைத்துவிட்டுத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். எண்கள் ஓடி நின்றன. ஏழு தாண்டியிருந்தது, முக்கால் கிலோவுக்குக் குறையாமல்.

வீட்டுத் தராசு இவ்வளவு பொய் சொல்லாது. அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கூரையில் தொங்கும் விளக்குகளை வெகு அக்கறையாக எண்ணிக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். கேமரா சாமானா, பரவாயில்லை மேடம், விமானத்தில் இடம் இருக்கிறது, விட்டுவிடுகிறேன் என்றாள். பேசாமல் தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அவளும் தலையாட்டத்தான் போனாள். அதற்குள் அந்தப் பெண் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

"இந்தப் பையை நீங்களேதான் கட்டினீங்களா? வேற யாராவது உள்ள எதாவது வெச்சாங்களா?"

நான்தான் என்று சொன்னால் அது பொய்.

"ஒரு நிமிஷம் இரும்மா," என்று சொல்லிப் பையைத் தராசிலிருந்து இறக்கி அங்கேயே திறந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். ஸ்வெட்டரை அவள் அப்படிச் சுருட்டவே மாட்டாள். பிரித்தாள். விளக்குக்குப் பக்கத்தில் பெரிய கண்ணாடி உறையோடு படுத்திருந்தது.

அதை வெளியே எடுத்தாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியருகே போனாள்.

"இது உங்களது."

அவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அத்தனை பேர் எதிரில் அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தபோது அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று அதைத் திரும்ப வாங்கிவிடவில்லை. கவுண்டருக்கு வந்து, ஸ்வெட்டரைத் தன் வழியில் சுருட்டி, பையை மூடித் தராசில் வைத்தாள். ஏழுக்குள் நின்றது.

"இப்ப சொல்லுங்க மேடம். யார் கட்டினது?"

"அவதாம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கண்ணாடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கணவர் கம்பிமேல் சாய்ந்திருந்தார். "எப்பவும் அவதான் கட்டுவா. நான் போறப்போ எல்லாம் நானே கட்டினேன்னு சொல்லிட்டுப் போயிடுவேன்."

"உங்களைக் கேக்கல சார்," என்றாள் கவுண்டர் பெண்.

அவள் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

"நான்தான் கட்டினேன்," என்றாள். "வேற யாரும் எதுவும் வைக்கல."