ஈரல் பரிசோதனை

ஆஸ்பத்திரியில் தரை கழுவுவதுதான் செல்லாயியின் வேலை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பத்து வருஷத்தில் அவளைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் தரைக்காகக் கூப்பிட்டதில்லை. "செல்லாயி! மாரி சினி!" என்று மலாயில் இங்கே வரச்சொல்லிச் சத்தம் வந்தால், ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து வந்த தமிழாள் டாக்டர் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம். வாளியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஈரக் கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டு அவள் ஓட வேண்டும். நோயாளி தமிழில் சொல்வதை அவள் மலாயில் சொல்வாள். அசிஸ்டண்ட் அதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்வார். மூன்று வாய் தாண்டுவதற்குள் வயிற்றுவலி முதுகுவலியாகிப் போனதும் உண்டு.

ஈப்போவுக்கு வெளியே இருந்த சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி அது. எண்பத்திரண்டாம் வருஷம், ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தச் சத்தம் வந்தபோது வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். உள்ளே போனால், காளியம்மா என்றொரு பெண் மடியில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினாறாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், புருஷன் இல்லாதவள். பக்கத்தில் அவளுடைய மகள் நவமணி. பதினேழு வயது. தலை வாரப்படாமல், பார்வை சுவரில் எங்கோ நிலைத்திருந்தது.

"மூணாவது தடவையா வரோம் அக்கா," என்றாள் காளியம்மா. "மொத தடவ தலைவலி மாத்திரை குடுத்தாங்க. ரெண்டாவது தடவ வயித்துக்கு வெள்ளை மருந்து. தோட்டத்துல மருந்து குடுக்குற டிரெசரு, பள்ளிக்கூடம் போகப் புடிக்காம நடிக்கிறான்னுட்டாரு. சித்தியவான் பக்கத்துல ஒரு பூசாரிகிட்டயும் மந்திரிச்சாச்சு. சோறு திங்க மாட்டேங்குறா. தூங்க மாட்டேங்குறா. தனியா உக்காந்து பேசுறா. நாலாம் பாரம் படிச்சிட்டிருந்த புள்ள அக்கா. ஒரு மாசம் போகலன்னு பேரையே வெட்டிட்டாங்க."

அசிஸ்டண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "பென்டெக் செல்லாயி, பென்டெக்," என்றார். சுருக்கமாம்.

எதைச் சுருக்குவது? செல்லாயிக்குத் தெரிந்த மலாய் சந்தையிலும் வார்டிலும் பொறுக்கியது. காய்ச்சலுக்கு, வாந்திக்கு, பேதிக்கு அவளிடம் வார்த்தை இருந்தது. மனசு சரியில்லை என்பதற்கு இல்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டு, "ஹாத்தி தியா சாகிட்," என்றாள். அவளுடைய ஹாத்தி நோகிறது.

அசிஸ்டண்ட் சிரித்துவிட்டார். அவருக்கு அது ஏதோ மனத்தாங்கல் என்று பட்டது. "சாகிட் ஹாத்தியா? யார் மேல கோபமாம்? காதல் விவகாரமா?" என்று மலாயில் கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் அடுத்த அட்டையை எடுக்கப் போய்விட்டார். டாக்டர் அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். மலாய் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சின்ன அகராதி ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். நல்ல மனிதர்தான். ஹாத்தி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அகராதியைப் புரட்டினார். நவமணியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு காளியம்மா இரத்தம் எடுக்கும் அறையைத் தேடி அலைந்ததும், மூன்று குப்பி இரத்தம் எடுத்ததும் செல்லாயிக்குப் பிறகுதான் தெரியும். அதற்குள் அவளை இரண்டாம் வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தாயும் மகளும் மறுபடி வந்தார்கள். அந்தப் பெண் இன்னும் இளைத்திருந்தாள்.

"ஈரல் ரொம்ப நல்லாயிருக்காம் அக்கா," என்று காளியம்மா தாளை நீட்டினாள். "ஈரல் நல்லாயிருந்தா அப்புறம் ஏன் இவ இப்பிடி இருக்கா?"

"ஈரலா? ஈரலை யாரு பாக்கச் சொன்னா?"

தாளை வாங்கி அசிஸ்டண்டிடம் காட்டிக் கேட்டாள். அவர் வாசித்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மலாயில் ஈரலுக்கும் ஹாத்திதான், மனசுக்கும் ஹாத்திதான். டாக்டர் அகராதியில் முதலில் இருந்ததை எடுத்துக்கொண்டார். பதினேழு வயதுப் பெண்ணின் மனசைக் காட்ட வந்தால் ஈரலைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியது யார்? அவள்தான். அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைதானே!

செல்லாயிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தன் மேல் ஆத்திரம், டாக்டர் மேல் ஆத்திரம், அகராதி மேல் ஆத்திரம். இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி, எக்ஸ்ரே மிஷின் வாங்கி வைத்து, தமிழ் பேச ஒரு ஆளை வைக்காமல் தரை கழுவுகிறவளின் அரைகுறை மலாயில் வைத்தியம் பார்க்கிறார்களே என்று ஆத்திரம். பெஞ்சில் நவமணியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். யோசித்துப் பார்த்தால், இத்தனை நாளில் அந்தப் பெண்ணோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஏம்மா, உனக்கு என்னதான் பண்ணுது?"

நவமணி அவளை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு ஆம்பளைங்க பேசுறாங்க பெரியம்மா. ஆளு யாரும் இல்ல. குரல் மட்டும். நான் என்ன செஞ்சாலும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. சோத்துல விஷம் வெச்சிருக்கு, திங்காதேம்பாங்க."

"இத டாக்டர்கிட்ட சொன்னியா?"

"எப்பிடிச் சொல்றது? அவரு அசிஸ்டண்டக் கேட்டாரு. அவரு உங்களக் கேட்டாரு. நீங்க அம்மாவக் கேட்டீங்க. என்னை யாரும் கேக்கல."

"உனக்கு மலாய் வருமா?"

"பள்ளிக்கூடத்துல எல்லாமே மலாய்லதானே பெரியம்மா. இங்கிலீசும் கொஞ்சம் எழுதுவேன்."

செல்லாயிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்த அறையில் இருந்த அத்தனை பேரிலும் நன்றாக மலாய் தெரிந்தவர்களில் ஒருத்தி, நோயாளி நாற்காலியில் வாய் மூடி உட்கார்ந்திருந்திருக்கிறாள். தோட்டத்துப் பிள்ளை, அதிலும் புத்தி சரியில்லாத பிள்ளை, அதற்கு என்ன தெரியப்போகிறது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அவளும்தான் நினைத்தாள்.

இரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பி, பதிவு அறையில் ஒரு பேனாவைப் பிடுங்கி வந்து, "எழுது," என்றாள். நவமணி எழுதத் தொடங்கினாள். இடையிடையே நிறுத்திக் காதைச் சாய்த்துக் கேட்டாள். இங்கிலீஷில் நாலு வரிதான் எழுதினாள். டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் செல்லாயி கதவைத் தட்டாமல் உள்ளே போய் அந்தத் தாளை மேசையில் வைத்தாள்.

வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தார். "இதை ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை?" என்று உடைந்த மலாயில் கேட்டார். செல்லாயி வெளியே பெஞ்சில் இருந்த நவமணியைக் கை காட்டினாள்.

மாதத்தில் முதல் வியாழக்கிழமை தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் இங்கே வருவார் என்றும், அவருக்குக் கடிதம் தருவதாகவும் டாக்டர் சொன்னார். இத்தோடு ஒரு வழி பிறந்தது என்றுதான் செல்லாயி நினைத்தாள். ஆனால் பஸ் நிறுத்தத்தில் காளியம்மா கடிதத்தைக் கிழிக்கப் போனாள்.

"வேணாக்கா. அந்த ஊரு பேரே வேணாம். அங்க பேரு பதிஞ்சா பைத்தியம்னு ஊரே சொல்லும். நாளைக்கு எவன் கட்டிக்குவான்?"

"ஏன்டி, டிரெசரப் பாத்தே. பூசாரியப் பாத்தே. ஈரலையும் பாத்துட்டே! இன்னும் எதடி பாக்கப் போறே? மொதல்ல அவ உசிரோட இருக்கட்டும், அப்புறம் மாப்பிள்ளை பாரு!" பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். செல்லாயிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

காளியம்மா அழுதாள். "உங்களுக்கு என்னக்கா, கத்திட்டுப் போயிடுவீங்க. லயத்து வீட்டுல நாலு சுவத்துக்குள்ள நான்தானே கெடக்கணும். பால்காட்டு வேலைக்குப் போறப்ப இவள வீட்டுல வெச்சுப் பூட்டிட்டுப் போறேன். அது தெரியுமா உங்களுக்கு?"

அது செல்லாயிக்குத் தெரியாது. கோபம் சட்டென்று இறங்கிவிட்டது. "வியாழக்கிழமை கூட்டிட்டு வா," என்றாள். "நானும் கூட உக்காருறேன். அவங்க அந்த ஊருல இருந்து இங்க வராங்க, அவ்வளவுதான். நீ அங்க போகப் போறதில்ல."

அந்த வியாழக்கிழமை வந்த டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. நவமணி முதலில் அவரிடம் மலாயிலேயே பேசினாள். கொஞ்ச நேரத்தில் நிறுத்திக்கொண்டாள். "மலாய்ல சொன்னா கட்டுரை எழுதுற மாதிரி இருக்கு பெரியம்மா," என்றாள். "அந்த ரெண்டு பேரும் தமிழ்லதான் பேசுறாங்க. மாத்திச் சொன்னா அது வேற யாரோ பேசுற மாதிரி ஆயிடுது."

செல்லாயி இதை மொழிபெயர்த்ததும் டாக்டர் தலையாட்டினார். அப்படியானால் தமிழிலேயே சொல்லட்டும், நீங்கள் ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்றார். பத்து வருஷத்தில் இப்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"இப்ப இவ கைய மடியில வெக்கிறா," என்று நவமணி காதில் கேட்பதை அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். "பாரு, வெக்கங்கெட்டவ. இப்ப தண்ணியப் பாக்குறா. குடிப்பா பாரு. குடிச்சா செத்துருவா. அப்பனத் தின்னவதானே..." அதற்குப் பிறகு வந்தவை வாயில் வராத வார்த்தைகள். காளியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். செல்லாயிக்குக் காது கூசியது. ஆனாலும் ஒவ்வொன்றாக மலாயில் சொன்னாள். வார்த்தை தெரியாத இடத்தில் சுற்றி வளைத்துச் சொன்னாள். அவள் தவறாகச் சொன்ன இரண்டு இடத்தில் நவமணியே திருத்தினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இது ஒரு நோய், இதற்கு மருந்து இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பூட்டி வைக்க வேண்டாம், ஆனால் முதல் சில வாரம் தனியாக விடக்கூடாது, யாராவது கூட இருக்க வேண்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது.

வெளியே வந்தால் மேற்பார்வையாளர் காத்திருந்தார். மூன்றாம் தாழ்வாரம் கழுவவில்லையாம், புகார்ப் புத்தகத்தில் அவள் பேர் எழுதியாயிற்றாம்.

"நான் உள்ள வேலைதான் செஞ்சேன். மொழிபெயர்த்தேன். அதையும் எழுதுங்க."

"அப்படி ஒரு வேலையே கிடையாது, செல்லாயி."

"இல்லாத வேலையவா பத்து வருஷமா செஞ்சிட்டிருக்கேன்?"

அவர் புத்தகத்தை மூடினார்.

காளியம்மா பால்காட்டுக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து நவமணியோடு இருந்தாள். ஆறேழு வாரத்தில் நவமணி சோறு சாப்பிட ஆரம்பித்தாள். குரல்கள் போய்விடவில்லை, நாலு வீடு தள்ளிப் பாடும் ரேடியோ மாதிரி தூரமாகக் கேட்கிறது என்றாள். மாத்திரையால் எந்நேரமும் தூக்கம். விரல்கள் லேசாக நடுங்கின. தோட்டத்து மருந்தகத்தில் அந்த மாத்திரை கிடையாது, ஆகவே மாதாமாதம் இங்கேதான் வர வேண்டும். பள்ளிக்கூடம் அடுத்த வருஷம்தான் சேர்த்துக்கொள்ளுமாம், அதுவும் டாக்டர் கடிதம் கொடுத்தால். கடிதத்துக்கு மூன்று தடவை நடந்தார்கள்.

அக்டோபரில் வந்தபோது, அடுத்த முறை வர வேண்டிய தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். காளியம்மா அதைச் செல்லாயியிடம் நீட்டினாள். செல்லாயி பார்த்தாள். தீபாவளி நாள். ஆஸ்பத்திரியின் அந்தப் பகுதியே மூடியிருக்கும் நாள்.

"இவங்களுக்குக் காலண்டர் பாக்கக்கூடத் தெரியாதா?" என்று அவள் கவுண்டரை நோக்கிப் பாய்ந்தாள். நவமணி அவள் முழங்கையைப் பிடித்தாள். அட்டையை வாங்கி, சன்னல் வழியாகத் தானே உள்ளே நீட்டி, மலாயில் மரியாதையாக நாலு வார்த்தை சொன்னாள். குமாஸ்தா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், வேறு தேதி எழுதிக் கொடுத்தார்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செல்லாயிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, எரிச்சலும் தீரவில்லை. இந்தப் பெண் தனக்காகத் தானே பேசிக்கொண்டாள். இவளுக்கு இருக்கும் எழுத்துப் படிப்பு இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் தலைவலி மாத்திரையோடு திரும்பிப் போயிருப்பார்கள்? தன் வாயாலேயே எத்தனை பேரைத் தப்பாக அனுப்பினாளோ, யார் கண்டது?

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் காண்டீனில் நவமணியை உட்கார வைத்து, சுகாதார இலாகாவுக்கு ஒரு மனு எழுதச் சொன்னாள். இந்த ஆஸ்பத்திரிக்குத் தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டாம், படித்த பிள்ளை யாராவது வரட்டும். நவமணி நல்ல மலாயில் எழுதினாள். பதிவுக் குமாஸ்தா வாசித்துவிட்டு, பிழையே இல்லை என்றார். செல்லாயி கையெழுத்துப் போட்டாள்.

ஏழு மாதம் கழித்து, அடுத்த வருஷம் மே மாதத்தில் பதில் வந்தது. நவமணி பள்ளிச் சீருடையோடு மாத்திரை வாங்க வந்திருந்த நாள். அவளே பிரித்து வாசித்தாள். தங்கள் கடிதம் கிடைத்தது. விஷயம் பரிசீலிக்கப்படும்.

"அப்பிடின்னா?"

"ஒண்ணும் நடக்காதுன்னு அர்த்தம் பெரியம்மா."

செல்லாயி அந்தக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பேனா இருக்கா? இன்னொண்ணு எழுது."

"யாருக்கு?"

"இவங்களுக்கு மேல யாரு இருக்காங்களோ, அவங்களுக்கு."