ஹோல்கரின் கிரேவி

சூப்பை மூன்றாவது தடவையாக அடுப்பிலேற்றிவிட்டு வந்த மார்கிட், கூடத்து வாசலில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். நீள மேசை மூன்று, நாற்காலி அறுபது, தட்டு அறுபது. ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் கூம்பாக மடித்து நிறுத்திய வெள்ளைத் துணி. நடுவில் வரிசையாக மெழுகுவத்திகள், ஏற்றி ஒரு மணி நேரமாகி அவையும் பாதிக்கு இறங்கிவிட்டன. இத்தனை நாற்காலியில் இரண்டில்தான் ஆள் இருந்தது. ஒன்றில் போடில், எதிரில் அவள் தம்பி ஃப்ளெமிங். பன்னிரண்டு மணிக்கு அப்பாவை மண்ணுக்குள் வைத்துவிட்டு நேராக இங்கே வந்தவர்கள், இன்னும் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம்தான் பாப்பேன்," என்றாள் மார்கிட். "தோல் நமுத்துப் போச்சுன்னா அப்புறம் அது பன்னிக் கறி இல்ல, செருப்பு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கட்டும் என்றும் அவள் சொல்லவில்லை. அந்தச் சத்திரத்தை முப்பது வருஷமாக நடத்துகிறவள் மார்கிட். கல்யாணமோ சாவோ, சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் இந்தக் கூரைக்குக் கீழேதான் சாப்பாடு. முந்நூறு வருஷத்துக் கூரை. உத்தரம் அவ்வளவு தாழ்வு. வரும்போதே ஃப்ளெமிங் நெற்றியில் இடித்துக்கொண்டான், சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை குனிந்து வந்த இடத்திலேயே. இன்றைக்குக் குனிய மறந்துவிட்டான், பாவம்.

இறந்துபோன அவர்கள் அப்பா ஹோல்கர் இதே சத்திரத்தில் நாற்பத்தொரு வருஷம் சமையல்காரராக இருந்தவர். இந்த ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரானாலும், அவர் கையால் சாப்பிட்டுத்தான் ஞானஸ்நானம், அவர் கையால் சாப்பிட்டுத்தான் கல்யாணம். உருண்டை போட்ட தெளிந்த சூப், மேலே தோல் மொறுமொறுவென்று வெடித்த பன்றி வறுவல், சர்க்கரைப் பாகில் புரட்டிய சின்ன உருளைக்கிழங்கு, சிவப்பு முட்டைக்கோஸ், கடைசியில் ரொட்டித்தூளும் ஆப்பிளும் அடுக்கடுக்காகப் போட்ட இனிப்பு. இதெல்லாம் எங்கேயும் கிடைக்கும். கிரேவி மட்டும் கிடைக்காது. வறுத்த கறியிலிருந்து வழிந்ததை வடிகட்டி, அதில் என்னவோ செய்வார். ரொட்டியால் தட்டைத் துடைத்துச் சாப்பிடாமல் ஒருவரும் எழுந்ததில்லை. இன்றைக்கு அந்தக் கிரேவியை மார்கிட் வைத்திருந்தாள், அவரிடம் பார்த்துப் பார்த்துக் கற்றபடி. அதைச் சாப்பிடத்தான் ஊரே வரும் என்று போடில் நினைத்திருந்தாள்.

வரவில்லை.

ஏன் வரவில்லை என்று தனக்குத் தெரியும் என்றுதான் போடில் எண்ணிக்கொண்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆக்செல் என்பவர் வீட்டு விருந்து இதே கூடத்தில் நடந்தது. அவர் பேத்திக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல், வளர்ந்த பிள்ளைகள் ஞானஸ்நானத்தை உறுதிசெய்துகொள்கிற சடங்கு, ஆன நாள். அன்று ராத்திரியே விருந்துக்கு வந்த பதினேழு பேருக்கு வாந்தி பேதி. ஒரு கிழவியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள், பிழைத்துக்கொண்டாள். மறுவாரம் ஆக்செல் இங்கே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவிலும் கிரேவிப் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்து, "இதுதான், வேற ஒண்ணும் இல்ல," என்றார். அதிகாரிகள் வந்து சட்டி பானையெல்லாம் சுரண்டிக்கொண்டு போனார்கள். குற்றம் எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது. கடிதத்தை யார் படிக்கிறார்கள்? ஹோல்கர் தன் வெள்ளை ஏப்ரனை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மார்கிட் எவ்வளவோ கெஞ்சினாள். சாகிற வரைக்கும் இந்த வாசலை அவர் மிதிக்கவில்லை.

"இன்னும் அவர் சமையலுக்குப் பயந்துக்கிட்டு இருக்காங்க," என்றாள் போடில். "செத்த பிறகும்."

"அக்கா, அப்படி இருக்காது."

"பின்ன என்ன? கல்லறைக்கு வந்தாங்க இல்ல? எண்ணிப் பாத்தேன், அம்பதுக்கு மேல. அங்க வரலாம், இங்க வந்து வாய் வெக்க முடியாது. அதான் பதில்."

மார்கிட் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"போடில், கோவிச்சுக்காத. ஒண்ணு கேக்கறேன். கல்லறைல நீ என்ன சொன்ன?"

"நன்றி சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாருன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

போடில் வாயைத் திறந்தாள். அப்புறம் ஒன்றும் இல்லை. காற்று முகத்தில் அடித்தது, ஃப்ளெமிங் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். பாதிரியார் மூன்றாவது பிடி மண்ணைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியம், எல்லாரும் சத்திரத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று குடும்பத்தில் ஒருவர் சொல்லியாக வேண்டிய வாக்கியம், அவள் கோட்டுப் பையில் காகிதத்தில் எழுதினபடி அப்படியே கிடந்தது.

"நீ சொல்லிட்டேன்னு நெனச்சேன்," என்றான் ஃப்ளெமிங் மெதுவாக. "எனக்கு ஒண்ணும் காதுல விழல அப்ப."

"ஆனா இங்க சமையல் நடக்குதுன்னு ஊருக்கே தெரியுமே!"

"தெரியும்," என்றாள் மார்கிட். "ரொட்டிக்காரனுக்குத் தெரியும், தபால்காரனுக்குத் தெரியும், காத்தடிச்ச பக்கமெல்லாம் வாசனை போயிருக்கு. அதனால? சொந்தக்காரங்களுக்கு மட்டும்னு நெனச்சிருப்பாங்க. கூப்பிடாம வந்து உக்கார்றதுக்குப் பதிலா நம்ம ஆளுங்க பட்டினி கிடந்து செத்துப்போவாங்க. நீ ரொம்ப நாள் ஆர்ஹுஸ் டவுன்ல இருந்துட்ட, மறந்துட்ட."

அப்போதுதான் அது போடிலின் கண்ணுக்குத் தெரிந்தது. மண் போட்டு முடிந்த பிறகும் அந்த ஐம்பது பேர் நகராமல் நின்றது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, குளிரில் மூக்கு சிவக்க, கால் மணி நேரம். தன்மேல் இரக்கப்பட்டு நிற்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அவர்கள் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

போடில் எழுந்து வெளியே நடந்தாள்.

முதல் வீடு கிர்ஸ்டனுடையது. போடிலோடு ஒன்றாகப் படித்தவள். கதவைத் திறந்தபோது கிர்ஸ்டன் கம்பளிச் சட்டைக்கு மாறியிருந்தாள். அடுக்களையில் உருளைக்கிழங்கு வெந்த வாசனை, கழுவிக் கவிழ்த்த தட்டுகள். நடந்ததைப் போடில் சொல்லச் சொல்ல, கிர்ஸ்டன் முகம் சிவந்துகொண்டே போனது, தப்பு ஏதோ தன்னுடையது போல.

"ஐயோ, நீங்க குடும்பத்தோட மட்டும் இருக்கணும்னு ஆசைப்படறீங்கன்னு நெனச்சோம்டி. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு."

"இப்ப வா. எல்லாம் சூடா இருக்கு."

"இப்பவா? சாப்பிட்டாச்சே. அவரு வேற படுத்துட்டாரு. மத்தவங்க யாரும் வராம நாங்க மட்டும் வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

போடில் வாசற்படியிலேயே நின்றாள். கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள். "கிர்ஸ்டன், கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா? அந்தக் கிரேவியச் சாப்பிட?"

"அதையெல்லாம் இன்னும் யாரு ஞாபகம் வெச்சிருக்கா," என்றாள் கிர்ஸ்டன். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்தாள். அந்த ஒரு மூச்சைப் போடில் கையில் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

அடுத்த இரண்டு வீட்டிலும் அதே கதை. காபி குடிக்கிறாயா என்று கேட்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், நல்ல மனுஷன் உங்கள் அப்பா என்றார்கள். யாரும் செருப்பை மாட்டவில்லை. நான்காவது ஆக்செல் வீடு. தாண்டிப் போய்விடத்தான் நினைத்தாள். ஆனால் அடுக்களை ஜன்னல் வழியாக அவர் தெரிந்தார்.

எண்பது வயது ஆக்செல் கறுப்புக் கோட்டோடு, பித்தான்கூட அவிழ்க்காமல், மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். மெருகேற்றிய கறுப்பு ஷூவில் கல்லறை மண் ஒட்டிக் காய்ந்திருந்தது. முன்னால் சாப்பாடும் இல்லை, காபியும் இல்லை. தொப்பி மட்டும்.

போடில் கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நீங்க ஏன் இன்னும் துணி மாத்தல?"

ஆக்செல் நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்பட்டவர் மாதிரித் தெரியவில்லை. "கூப்பிட மாட்டன்னு தெரியும். எல்லாரையும் கூப்பிட்டிருந்தாலும் என்னக் கூப்பிட மாட்ட. ஆனா ஷூவக் கழட்ட மனசு வரல."

"யாரையுமே கூப்பிடல. மறந்துட்டேன்."

"ஓ," என்றார். தொப்பியின் விளிம்பைத் தடவினார். "உங்க அப்பா உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"எதப் பத்தி?"

"சிப்பி பத்தி."

போடில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குச் சத்திரத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் இங்கதான் கூடினாங்க," என்றார் ஆக்செல். "இந்த அடுக்களைல. ஆளுக்கு நாலு சிப்பி வேகவெச்சுக் குடுத்தேன். நானே கடல் கால்வாயில அள்ளினது. ரெண்டு நாளைக்கு முன்ன அள்ளினது. வெயில் அடிச்ச வாரம். சாப்பிட்டவங்க எத்தனை பேருன்னு நெனக்கற? பதினேழு."

"உங்களுக்குத் தெரியுமா? அப்பவே?"

"அப்ப இல்ல. பாத்திரத்தத் தூக்கிக் காட்டினேனே, அதுக்கு மறுநாள் எண்ணிப் பாத்தேன். அதுக்குள்ள சொல்லு வாய்ல இருந்து போயிடுச்சு. ஹோல்கர் அந்த வாரமே இங்க வந்தான், சிப்பி சமாசாரம் எப்படியோ காதுல விழுந்திருக்கு. ஒண்ணும் பேசல. பின்னாடி குப்பத் தொட்டியத் தொறந்து பாத்தான், ஓடெல்லாம் கிடந்துது. என் பேத்தி அங்கதான் சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்தா. அவளப் பாத்தான், என்னப் பாத்தான், மூடிய மூடிட்டுப் போயிட்டான். சொல்லுவான்னு தினமும் காத்துக்கிட்டு இருந்தேன். நான் சொல்லணும்னு அவன் காத்துக்கிட்டு இருந்தானோ என்னவோ."

ஒன்பது வருஷம். அதில் எட்டுக் கிறிஸ்துமஸுக்கு அப்பா தனியாக வீட்டு அடுப்பில் அந்தக் கிரேவியை வைத்து, போடிலுக்கும் ஃப்ளெமிங்குக்கும் ஊற்றிவிட்டு, அவர்கள் வாயில் வைக்கிறவரை தன் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. பெருமை என்று நினைத்திருந்தாள். இந்தக் கிழவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கத்தவாவது வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க," என்றாள்.

"எங்க?"

"சத்திரத்துக்கு. வந்து சாப்பிடுங்க."

"நான் வந்து உக்காந்தா உன் தம்பி..."

"கிரேவி ஊத்திச் சாப்பிடணும். எல்லாரும் பாக்கற மாதிரி, ஜன்னல் பக்கம்."

ஆக்செல் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

தெரு நெடுக அவர் மெதுவாகத்தான் நடந்தார். போடில் அவர் கையைப் பிடிக்கவில்லை, ஆனால் அவர் வேகத்துக்கே நடந்தாள். மூன்று மணிக்கே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. கிர்ஸ்டன் வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. எதிர்வீட்டிலும் அசைந்தது.

ஃப்ளெமிங் அவரைப் பார்த்ததும் நாற்காலி கீழே விழ எழுந்தான். "இவரையா? அக்கா, இத்தன பேர்ல இவரையா?"

"உக்காருடா, அப்புறம் சொல்றேன். அவரே சொல்லுவாரு."

மார்கிட் சூப் தட்டைக் கொண்டுவந்து ஜன்னலோரத்து இடத்தில் வைத்தாள். ஆக்செல் குடித்தார். கறி வந்தது, தோல் சொன்னபடியே நமுத்துப் போயிருந்தது, கத்தி வைத்தால் வளைந்தது. கிரேவிப் பாத்திரத்தைப் போடிலே தூக்கிக்கொண்டு வந்தாள். ஆக்செல் தட்டை நீட்டினார். அவள் ஊற்றினாள், போதும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை, கிழங்கும் கோஸும் முங்கித் தட்டு விளிம்புவரை வந்தது. ஐம்பத்தொன்பது வெற்றுத் தட்டுகளுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு, மூக்கிலிருந்து வழிவதைத் துடைக்காமல், அவர் ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார். முள்கரண்டி தட்டில் படுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

போடில் காலிப் பாத்திரத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் மறுபடி கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார்கள். யாரும் சத்திரத்தைப் பார்க்கவில்லை. போகிற வழியில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டவர்கள் மாதிரி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.