செண்பகம் ஒயின்ஸ்

போர்டைக் கழற்ற மாட்டேன் என்று நான் தெளிவாகச் சொன்னேன். என் கணவரின் அண்ணன் டாக்டர் நாகசுப்பிரமணியனுக்குத்தான் அது காதில் ஏறவில்லை. ஊரார் இதயத்தையெல்லாம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர், தன் காதை யாரிடமாவது காட்டியிருக்கலாம்.

நான் செண்பகம். கம்பத்துக்காரி. கனடாவில், கியூபெக் மாகாணத்து மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை ஷெட்டில் ஒயின் செய்கிறேன். திராட்சைப் பழம் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டங்களிலிருந்து லாரியில் வரும். தண்டு பிரிக்கிற மெஷின் என் மகள் ரக்ஷனாவின் பொறுப்பு. தொட்டிகளைக் கழுவுவது, குழாய் மாட்டுவது, என்னிடம் திட்டு வாங்குவது எல்லாம் என் கணவர் செல்வராஜின் பொறுப்பு. பழம் இறங்குகிற நாளில் மட்டும் சொந்தமும் சிநேகிதமும் கூட்டமாக வந்து கைகொடுக்கும். நான் பெரிய சட்டியில் பிரியாணி போடுவேன். இத்தனை வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

இந்த வருஷம்தான் வாசலில் போர்டு வைத்தேன். சட்டப்படி பிரெஞ்சில் பெரிதாக ஒரு வரி. அதற்குக் கீழே தமிழில், 'செண்பகம் ஒயின்ஸ்'. கியூபெக் அரசாங்கத்துக்கே அதில் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் முழுக்க நம் ஆட்களுக்குத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அதைப் படித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "என்னம்மா, பின்னாடி பார் இருக்கா? சுண்டல் கிடைக்குமா?" அங்கே டாஸ்மாக் வருவதற்கு முன்னால் 'ஒயின்ஸ்' என்று போர்டு தொங்கினால் உள்ளே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும். பிராந்தி, ரம், ஊறுகாய், வாசலில் வேட்டி அவிழ்ந்து கிடக்கிற ஆள். யாழ்ப்பாணத்துக்காரரான சவிரிமுத்து அண்ணைக்கு மட்டும் அந்தச் சிரிப்பு விளங்கவில்லை.

"வைன் செய்யிற இடத்துக்கு வைன்ஸ் எண்டுதானே போடவேணும்? இதில என்ன பகிடி?" என்று கேட்டார்.

பாவம் செண்பகம், தெரியாமல் வைத்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும் மறுக்கவில்லை. கேட்காதவர்களிடம் போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கென்ன வேலையா இல்லை?

டாக்டரின் மகன் ஹர்ஷுக்கு அப்போதுதான் பெண் நிச்சயமாகியிருந்தது. ஹம்சினி, டவுன்டவுனில் மேல்படிப்பு படிக்கிற பொண்ணு. அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். டாக்டர் மூச்சிரைக்க ஷெட்டுக்கு ஓடி வந்தார்.

"செண்பகம், அந்தம்மா குடியால நொந்துபோனவங்க. புருஷனைக் குடியிலயே பறிகொடுத்தவங்க. என் தம்பி ஜூஸ் கம்பெனி நடத்துறான்னு சொல்லி வச்சிருக்கேன். போர்டைக் கழட்டிடு."

"நடத்துறது உங்க தம்பி இல்ல அத்தான். நான். அப்புறம், இது ஜூஸும் இல்ல."

"சரி, பிரெஞ்சு இருக்கட்டும். அது அவங்களுக்குப் புரியாது. தமிழை மட்டும் எடுத்துடு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "தமிழ்ல இருக்கறது என் பேரு. அது இருக்கும். உங்களால ஆனதைப் பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டார். எங்களுக்குப் பழம் வருகிற அதே சனிக்கிழமை பியர்பொன்ட்ஸில் தன் வீட்டில் சம்பந்திக்கு விருந்து என்று அறிவித்தார். வழக்கமாக எனக்குக் கைகொடுக்கிற அத்தனை பேருக்கும் அழைப்பு. "போர்டை இறக்கு, சாப்பிட்ட கையோட எல்லாரையும் அனுப்பி வைக்கிறேன்" என்று எனக்குச் சேதி வேறு.

"ஒரு நாளைக்குத்தானே. கழட்டிட்டுத் திங்கட்கிழமை மாட்டிக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணன் பேச்சைத் தட்டாத உத்தமர்.

"நீங்க விருந்துக்குப் போங்க, நான் தடுக்கல. ஆனா ஜூஸ்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்துச்சு, வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

சனிக்கிழமை லாரி வந்து பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டுப் போனது. முந்தின வாரம் மழை, அன்றைக்குப் பார்த்து வெயில். பழம் தொட்டால் கசிந்தது. பொழுது சாய்வதற்குள் அழுகலைப் பொறுக்கி, தண்டு பிரித்து, தொட்டியில் சேர்த்துவிட வேண்டும். தவறினால் புளித்து வினிகராகிவிடும். அடுத்த பழத்துக்கு அடுத்த வருஷம்தான். வருஷம் பூராவும் செய்த வேலை அந்தப் பெட்டிகளில் இருந்தது, கைகளோ மூன்று ஜோடி. நான், ரக்ஷனா, விமானச் சாப்பாட்டுக் கிச்சனில் வேலை முடிந்து அப்படியே வந்த சவிரிமுத்து அண்ணை.

மத்தியானம் வரைக்கும் குனிந்த முதுகு நிமிரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பெட்டிகள் குறைந்த மாதிரியே தெரியவில்லை. குளவிகள் மொய்க்கத் தொடங்கியிருந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

"தங்கச்சி, கழட்டினா என்ன குறைஞ்சு போகும்? பேந்து பூட்டலாம்தானே?" என்றார் சவிரிமுத்து அண்ணை மெதுவாக.

"ஒருதரம் கழட்டிட்டா அவ்வளவுதான் அண்ணை. அப்புறம் மாட்டும்போதெல்லாம் யார்கிட்டயாவது கேட்டுட்டு மாட்டணும்."

"ஓம், அதுவும் சரிதான்" என்று அடுத்த பெட்டியை இழுத்தார்.

அப்போது வாசலில் டாக்டரின் கார் கிரீச்சென்று நின்றது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவர், என்னைப் பார்க்கக்கூட இல்லை. சுவரில் சாய்த்திருந்த எங்கள் ஏணியைத் தூக்கிப் போர்டுக்கு அடியில் போட்டார். கையில் ஸ்க்ரூடிரைவர்.

"உன் புருஷன் காரியத்தைக் கெடுத்துட்டான்! உங்க வீட்டம்மா எங்கேன்னு அந்தம்மா கேட்டாங்க. ஜூஸ் கம்பெனியில வேலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? 'ஜூஸ் இல்லைங்க, வந்தே பாருங்க'ன்னு கூட்டிட்டு வர்றான், மடையன்!"

என் புருஷனா! அந்த வெயிலிலும் எனக்குக் குளுகுளுவென்றிருந்தது.

டாக்டர் ஏணியில் ஏறினார். ஏணி ஆடியது. சவிரிமுத்து அண்ணை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, ஏணியை விடுங்க!" என்று கத்தினேன்.

"விட்டா டொக்டர் விழுந்திடுவார் பிள்ளை! உங்கட சண்டையைப் பேந்து பிடியுங்கோ!"

டாக்டர் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டார். போர்டு ஒரு பக்கம் சரிந்தது. நான் ஏணியடிக்குப் போய் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன். "இன்னொரு ஸ்க்ரூவுல கை வச்சீங்க, வேட்டி என் கையில இருக்கும். சம்பந்தியம்மா நல்லா பாக்கட்டும்" என்றேன். சத்தியமாக இழுத்திருப்பேன்.

அதற்குள் செல்வராஜின் கார் வந்துவிட்டது. ஹம்சினியின் அம்மா அனுசூயா இறங்கினார். கரும்பச்சைப் பட்டு, ஒல்லியான முகம். நிமிர்ந்து பார்த்தார். சரிந்து தொங்கிய போர்டை எழுத்துக்கூட்டுவதுபோல் வாய்விட்டுப் படித்தார். முகம் கறுத்துப் போனது.

"யாரு செண்பகம்?"

"நான்தாங்க." முழங்கை வரை ஊதாவாக இருந்த கையை மறைக்கவில்லை.

"தெரியாம வச்சதா, தெரிஞ்சே வச்சதா?"

கடைசியில் ஒருத்தியாவது கேட்டாளே!

"தெரிஞ்சேதாங்க வச்சேன். எங்கப்பாவும் குடிகாரர்தான். கூட்டிட்டு வர்றதுக்குப் பள்ளிக்கூடப் பையோட போய் வாசல்ல நிப்பேன். லட்சுமி ஒயின்ஸ், மீனா ஒயின்ஸ், சாந்தி ஒயின்ஸ். பேரெல்லாம் பொம்பளை பேரு. உள்ள ஒரு பொம்பளை கால் வைக்க முடியுமா? லட்சுமியைக் கேட்டா பேர் வச்சாங்க? சம்பாதிச்சதும் ஆம்பளை, குடிச்சதும் ஆம்பளை, சந்தி சிரிச்சது மட்டும் பொம்பளை பேரு. இந்தக் கடையில செண்பகம்னு போட்டிருக்கு. செண்பகம் உள்ள இருக்கா. என் பேரை நானே வச்சிருக்கேன். புடிக்கலைன்னா திட்டிட்டுப் போங்க. கழட்ட மாட்டேன்."

எனக்கு மூச்சு வாங்கியது. அந்தம்மா மறுபடி போர்டைப் பார்த்தார்.

"எங்க ஊர்க் கடை அனுசூயா ஒயின்ஸ்" என்றார். "ஓனரோட மக பேராம். எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டு வரும்போது தெருவே சிரிக்கும். 'அனுசூயாகிட்டேருந்து அனுசூயாகிட்ட வர்றான்'னு."

ரக்ஷனா மெஷினை நிறுத்தியிருந்தாள். அந்தம்மா உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார்.

"இவ்வளவு பழத்துக்கு மூணே பேரா?"

"மத்தவங்க எல்லாரும் உங்க விருந்துல இருக்காங்க. உங்களுக்குப் புடிக்காதுன்னு சொல்லித்தான் அத்தான் நிறுத்தி வச்சிருக்காரு."

அந்தம்மா ஏணியை அண்ணாந்து பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்களும் என் பேரை வச்சு ஒரு கடை நடத்தியிருக்கீங்க டாக்டர்."

டாக்டர் ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நான் இதைத் தொடமாட்டேன். ஒரு சொட்டு குடிக்க மாட்டேன். இந்த வாசப்படி தாண்ட மாட்டேன். ஆனா என் பேரைச் சொல்லி இன்னொருத்தி பொழப்புல மண்ணள்ளிப் போடக்கூடாது. அந்த ஸ்க்ரூவை மாட்டுங்க. மாட்டிட்டு ஃபோன் போட்டு எல்லாரையும் வரச் சொல்லுங்க."

டாக்டர் மாட்டினார். ஏணியில் நின்றபடியே ஃபோனை எடுத்தார். அந்தப் பக்கம் ஹர்ஷ்.

"எல்லாரையும் கூட்டிட்டு உடனே வாடா" என்றார்.

எங்கே என்று அவன் கேட்டிருக்க வேண்டும். டாக்டர் சம்பந்தியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். என் கையில் இன்னமும் இருந்த தன் வேட்டி நுனியைப் பார்த்தார்.

"இங்கதான்டா, சித்தி இடத்துக்கு" என்று முனகினார்.

"பேரைச் சொல்லுங்க அத்தான்" என்றேன்.

சொன்னார்.